ஏழாயிரம் கோடியை வகுத்துப் பார்த்தால்

2023 மார்ச் 20 அன்று தமிழ்நாட்டு பட்ஜெட்டில் பலரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது ஒரே அறிவிப்புக்குத்தான். குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய், பின்னால் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் பெற்ற திட்டம். 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி, இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டே போயிருந்தது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், செப்டம்பர் 15 முதல் பணம் வரும், 7,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். கூடவே 'தகுதி வாய்ந்த' குடும்பத் தலைவிகளுக்கு என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். அந்தத் தகுதி என்ன என்பது மட்டும் அன்றைக்கு வெளிவரவில்லை.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று டீக்கடையிலும் டிவியிலும் மாதக்கணக்கில் பேச்சு ஓடியது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதற்கான விடை மட்டும் அந்த பட்ஜெட் எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதம். ஒருவருக்கு ஏழாயிரம் ரூபாய். ஏழாயிரம் கோடியை ஏழாயிரத்தால் வகுத்தால் ஒரு கோடி. பிசிறே இல்லாத ஒரு கோடி. ஒரு வாரம் கழித்து முதலமைச்சரும் சட்டப்பேரவையில் சுமார் ஒரு கோடி பேர் பயனடைவார்கள் என்றே சொன்னார். விதிமுறைகள் வெளியானது ஜூலையில்.

அதாவது, எத்தனை பேர் என்பது மார்ச்சில் முடிவாகிவிட்டது. யார் யார் என்பது ஜூலையில்தான் முடிவானது. அரசு உதவி எத்தனை பேருக்குப் போகும் என்று முன்கூட்டிக் கணிப்பதைப் பற்றிப் பேசும்போது, அதை வானிலை அறிக்கை போல நினைத்துக்கொள்வது வழக்கம். மழை எவ்வளவு பெய்யும் என்று வானிலை மையம் சொல்கிறது, பெய்வதும் பெய்யாததும் மேகத்தின் கையில். இங்கே அப்படி இல்லை. கணிக்கிறவர் கையிலேயே மேகமும் இருக்கிறது. எண்ணிக்கை கூடிவிடும் போலிருந்தால் ஒரு நிபந்தனையை இறுக்கலாம், குறைவாகத் தெரிந்தால் ஒன்றைத் தளர்த்தலாம்.

ஜூலையில் வந்த விதிகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர் இருக்கக் கூடாது. அரசு ஊழியர் வீடு, வருமான வரி கட்டும் வீடு கிடையாது.

இவற்றில் வருமானத்தை அரசால் நேரடியாகச் சரிபார்க்க முடியாது. கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் ஆண்டு வருமானம் எந்தக் கணினியிலும் இல்லை. அதனால்தான் மின்சாரமும் காரும் நிலமும் வந்தன. அவை மின்வாரியத்திலும் ஆர்டிஓ ஆபீசிலும் பட்டா பதிவேட்டிலும் ஏற்கெனவே எழுதி வைத்தவை. 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரீடிங்கில் சராசரியாக 600. இந்த இடத்தில் கோட்டைப் போட்டால் எத்தனை இணைப்பு உள்ளே வரும், 500இல் போட்டால் எத்தனை வெளியே போகும் என்று ஒரு பட்டனைத் தட்டிப் பார்த்துவிடலாம். பதிவேட்டில் இருக்கும் எதுவும் கணிப்பதற்கு வசதியானது. அது உண்மையா என்பது வேறு கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்கிறார். அந்த ஜூலையில் ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கே வந்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார். குறித்த நாளில் பள்ளிக்கூடத்தில் முகாம். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த ஒரு பெண், போனில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பதிவு செய்தார். "வண்டி எதுவும் இருக்காக்கா?" "ஒரு டிவிஎஸ் ஃபிப்டிதாம்மா." கைரேகை வைத்தாகிவிட்டது. செப்டம்பரில் மெசேஜ் வந்தது: நான்கு சக்கர வாகனம் இருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அக்கா என்னிடம் போனைக் காட்டி, "தம்பி, நாலு சக்கரம்னா மாவு தள்ளுவண்டியச் சொல்றாங்களா?" என்றார். சிரிப்பாகத்தான் கேட்டார், கண்ணில் சிரிப்பு இல்லை. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் ஆறு வருடத்துக்கு முன் ஓட்டை கார் ஒன்றை வாங்கி, எட்டே மாதத்தில் விற்றிருக்கிறார். ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. கார் எங்கோ வேறு மாவட்டத்தில் ஓடுகிறது, கணினியில் மட்டும் எங்கள் தெருவிலேயே நிற்கிறது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எந்தக் கணிப்பிலும் ஒரு வரி இருக்காது. ஆனால் மொத்தத்தில் அது தெரியவந்தது. வந்த விண்ணப்பங்கள் 1 கோடியே 63 லட்சம். மாநிலத்தில் ரேஷன் கார்டுகளே 2 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல்தான், அதில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று வீடு எழுதிக் கொடுத்துவிட்டது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது பட்டியலில் இருந்தவர்கள் 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம். மார்ச்சில் நினைத்ததற்கு ஆறரை சதவீதம்தான் அதிகம். கணிப்பு என்று பார்த்தால் பிரமாதம். ஆனால் 56 லட்சம் பேருக்கு மேல் இல்லை என்று சொல்லித்தான் அந்தப் பிரமாதம் கிடைத்தது.

அப்புறம் மேல்முறையீடு. இ-சேவை மையத்தில் போட்டால் வருவாய் கோட்டாட்சியர் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். 11 லட்சத்து 85 ஆயிரம் பேர் போட்டார்கள். அதில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் நவம்பரில் சேர்க்கப்பட்டார்கள், எங்கள் அக்காவும் அதில் ஒருவர். இந்த விகிதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேல்முறையீடு செய்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் தகுதியானவர்கள் என்று அரசே ஒப்புக்கொண்டது. அப்படியானால் மேல்முறையீடு செய்யாமல் 'விடு, நமக்கு எழுதல' என்று போனவர்கள் நாற்பது லட்சத்துக்கு மேல். அவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் ஏதோ ஒரு ஊரில் கார் ஓடிக்கொண்டிருந்ததோ!

அடுத்த பட்ஜெட்டுகளையும் இதே மாதிரி வகுத்துப் பார்க்கலாம், எனக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 2024-25க்கு 13,720 கோடி. வருடத்துக்கு ஒருவருக்கு 12,000. வகுத்தால் 1 கோடியே 14 லட்சம் சொச்சம், நவம்பர் சேர்க்கையோடு பட்டியலில் இருந்த கிட்டத்தட்ட அதே எண். 2025-26க்கு 13,807 கோடி, வகுத்தால் 1 கோடியே 15 லட்சம். இங்கே கணிப்பே இல்லை, போன மாதம் கொடுத்த பட்டியலைப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். தொகையும் ஆளும் மாறாத திட்டத்துக்கு அதுவே சரியான வழியும்கூட. புதிதாக விண்ணப்பம் வாங்கினால்தான் எண் நகரும். 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் விடுபட்டவர்களிடம் மறுபடி மனு வாங்கினார்கள். கதவை எப்போது திறப்பது, எத்தனை நாள் திறந்து வைப்பது என்பதும் கணிக்கிறவர் கையில்தான்.

எல்லாத் திட்டமும் இவ்வளவு கட்டுக்குள் அடங்காது. பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அப்போது பயணிகளில் நாற்பது சதவீதம் பெண்கள் என்ற கணக்கில், போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்ட வருடம் 1,200 கோடி ஆகும் என்றார்கள். இதில் விண்ணப்பம் இல்லை, கார்டு இல்லை, கார் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏறினால் கண்டக்டர் ஒரு கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். பட்ஜெட்டில் இதற்கான தொகை 1,520 கோடி, 2,800 கோடி, 3,050 கோடி என்று ஏறி 2025-26இல் 3,600 கோடிக்கு வந்து நின்றது. தொடக்க எண்ணுக்கு மூன்று மடங்கு.

கணக்குப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் இருந்த பெண்களை எண்ணினார்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் நடந்து போனவர்களை எப்படி எண்ணுவது? ஷேர் ஆட்டோவில் போனவர்கள், வாரத்துக்கு ஒருமுறை போகும் சந்தைக்கு இனி இரண்டு முறை போகப்போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போக ஒரு சாக்குக்காகக் காத்திருந்த அம்மாக்கள், இவர்கள் யாரும் பழைய டிக்கெட் கணக்கில் இல்லை. திட்டம் வந்த பிறகு பெண் பயணிகளின் பங்கு அறுபது சதவீதத்தைத் தாண்டியது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிந்தது. உதவி கொடுப்பதே ஆட்களின் நடத்தையை மாற்றுகிறது, மாறிய நடத்தையைப் பழைய புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது. கணிப்புக்காரர்களைப் படுத்தும் பாடு இதுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே கணிப்பு தவறியது திட்டம் வெற்றி பெற்றதால். அதைச் 'செலவு எகிறியது' என்று மட்டும் தலைப்புப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

நேர் எதிராகவும் தவறும். 2022-23இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்து வந்ததுதான் இந்தப் புதுமைப் பெண் திட்டம். வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் மாணவிகள், 698 கோடி என்றது பட்ஜெட். 698 கோடியை 12,000ஆல் வகுத்தால் ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் வரும், சரி. ஆனால் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் இரண்டாம் கட்டம் சேர்த்த பிறகும் எண்ணிக்கை இரண்டே கால் லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. 2024-25இல் ஒதுக்கீடு 370 கோடி, அதாவது மூன்று லட்சம் பேருக்கான பணம்.

திட்டம் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. காகிதத்தில் சின்ன வரி. நடைமுறையில், எட்டாவது வரை பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்து, கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிய எத்தனை வீடு! அந்தப் பெண்களில் பலர் அந்த ஒரு வரியில் விழுந்துவிடுவார்கள். உதவி தேவைப்படுவதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்ன.

டெல்லியிலும் இதே கதைதான், கோடிகள் மட்டும் பெரிது. 2019 பிப்ரவரியில் வந்த பிஎம் கிசான் முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் வைத்திருக்கும் 12 கோடி விவசாயக் குடும்பங்களுக்கு என்றது, வருடத்துக்கு 6,000 ரூபாய், ஒதுக்கீடு 75,000 கோடி. தேர்தல் முடிந்ததும் நில வரம்பை எடுத்துவிட்டு 14.5 கோடி பேர், 87,000 கோடி என்றார்கள். அந்த வருடத்துத் திருத்திய மதிப்பீட்டில் நின்றது 54,370 கோடி. 14.5 கோடி என்ற எண் வேளாண் கணக்கெடுப்பில் இருந்த நிலக் கைப்பற்றுகளை, அதாவது தனித்தனிச் சாகுபடி அலகுகளை, ஒட்டியது. ஒரு கைப்பற்று ஒரு குடும்பம் இல்லை. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பேரன்கள் மூன்று பேர் உழுகிறார்கள், ஆதாரில் ஒரு எழுத்து வேறு, பட்டாவில் ஒரு இனிஷியல் வேறு. போதாக்குறைக்கு மேற்கு வங்கம் 2021 வரை சேரவே இல்லை.

ஆட்கள் குறைகிறார்களே என்று பதிவு செய்வதை எளிதாக்கினால் மறுபக்கம் ஓட்டை விழும். 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் நடந்தது நினைவிருக்கும். விவசாயியே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்தரை லட்சம் பேர் அளவுக்கு, 110 கோடி ரூபாய் அப்படிப் போனது என்று அரசே சொல்லி, கணக்குகளிலிருந்து திரும்பப் பிடிக்கத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் 2024 தேர்தலுக்கு முன் வந்த லாட்கி பஹீண் திட்டமும் இதே வகை. அவசர அவசரமாக இரண்டரைக் கோடிப் பெண்கள் அளவுக்குச் சேர்த்தார்கள். மறு வருடம் சலித்துப் பார்த்ததில் 26 லட்சம் பேர் சந்தேகப் பட்டியலில் விழுந்தார்கள், பெண்களுக்கான திட்டத்தில் ஆண்கள் கணக்கும் இருந்தது. தேர்தலுக்கு முன் கணிப்பில் தாராளமும் தேர்தலுக்குப் பின் கறாரும் எந்தக் கட்சிக்கும் தனிச் சொத்து இல்லை.

இதைவிட ஆழமான கோளாறு அடியில் இருக்கிறது. எல்லாக் கணக்கும் மக்கள்தொகையிலிருந்து தொடங்குகிறது. நம்மிடம் இருப்பதோ 2011 கணக்கெடுப்பு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்கு மானிய தானியம் என்கிறது, அந்தச் சதவீதத்தை 2011 தலைக்கட்டில் போட்டு 81.35 கோடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கணக்கில் வரவே இல்லை. பத்துக் கோடிக்கும் மேல் விடுபட்டிருக்கிறார்கள் என்று ழான் டிரேஸ், ரீதிகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 2020லேயே சொல்லிவிட்டார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளி, இப்போது 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் என்பதால் நமக்கு இதன் சூடு தெரிவதில்லை, மாநிலம் தன் கைக்காசைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

சில சமயம் எந்தக் கணக்கும் உதவாது. 2020-21க்கு நூறு நாள் வேலைக்கு முதலில் ஒதுக்கியது 61,500 கோடி. கொரோனா வந்தது, நகரங்களில் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள், 40,000 கோடி கூடுதலாகப் போட வேண்டி வந்தது. முந்தைய வருடம் ஐந்தரைக் கோடிக் குடும்பங்கள் மண் வெட்டியிருந்தன, அந்த வருடம் ஏழரைக் கோடி. கேட்டவருக்கு வேலை என்று சட்டம் இருந்ததால் கணிப்பு உடைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள்.

இதற்கு முழுக்க எதிரான முனை இலங்கையில். பொருளாதாரம் சரிந்த பிறகு, பழைய சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தது. அங்கே எத்தனை பேர் என்று கணிக்கவே இல்லை, பெட்டி பெட்டியாகப் பிரித்துவிட்டார்கள்: மிக வறியவர்கள் 4 லட்சம் குடும்பம், வறியவர்கள் 8 லட்சம், பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்கள் 4 லட்சம், இடைநிலையினர் 4 லட்சம். மொத்தம் 20 லட்சம். விண்ணப்பித்தவை 37 லட்சம் குடும்பங்கள். 22 குறிகாட்டிகளை வைத்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். பட்டியல் வந்ததும், திட்டத்தை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபைக்கு வந்த முறையீடுகள் பத்து லட்சத்தை ஒட்டின. இருபது லட்சம் இடம், பத்து லட்சம் முறையீடு! நிதியமைச்சுக்கு இந்த முறையில் தூக்கம் கெடாது, செலவு ரூபாய் சுத்தமாகத் தெரியும். இருபது லட்சத்து ஓராவது குடும்பம் முந்தைய குடும்பத்தைவிட எந்த வகையில் வசதியானது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இருக்காது.

பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் என்று தனி அமைப்பு இருக்கிறது. அவர்களும் தவறுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையை 2013இல் புது முறைக்கு மாற்றியபோது செலவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கடைசியில் கூடியது. ஆனால் எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று அவர்களே அறிக்கை போட்டுப் பொதுவில் வைக்கிறார்கள். நமக்குத் திருத்திய மதிப்பீடு வரும், பிறகு கணக்குத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை வரும். புதுமைப் பெண்ணுக்கு ஆறு லட்சம் என்று ஏன் நினைத்தீர்கள், ஏன் மூன்றானது என்று ஒரு பக்க விளக்கம் வராது. பட்ஜெட் உரையில் பயனாளிகள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும், மீதியை வகுத்துப் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் தெரு அக்காவின் மகனுக்கு அடுத்த தையில் கல்யாணம். போன வாரம் மாவு வாங்கப் போனபோது பேச்சு அதைச் சுற்றித்தான். பொண்ணுக்கு 22 வயது. தனிக் கார்டு போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் ஆயிரம் வருமா என்று கேட்டார். ஒரு கார்டுக்கு ஒருவர் என்று விதி வைத்தால் கார்டு பிரியும், இது எந்த அதிகாரிக்கும் தெரியாததில்லை. அக்கா அதோடு விடவில்லை. அவருக்கே இன்னும் இரண்டு வருடத்தில் அறுபது ஆகிவிடும். மகன் தனிக் கார்டுக்குப் போய்விட்டால் முதியோர் பென்ஷன் கேட்கலாமா, அது ஆயிரத்து இருநூறாமே, ஆனால் அது வந்தால் உரிமைத் தொகை நின்றுவிடும் என்கிறார்களே என்று கேட்டுவிட்டு, மாவு அளந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"இருநூறு ரூவாதான் தம்பி வித்தியாசம். அதுக்குத் தாலுகா ஆபீசுக்கு எத்தன நட நடக்கணும்னு பாத்துட்டுதான் சொல்லணும்."